மூன்று தட்டு

கடற்கரைக்குப் போகிற வழியில், மாதா கோயில் மதிலை ஒட்டி நான் பஜ்ஜி போடுகிறேன். ஒரு மேசை, ஒரு அடுப்பு, ஒரு எண்ணெய்ச் சட்டி, அவ்வளவுதான் கடை. எனக்கு அடுத்து இட்லி வண்டி, அதற்கப்பால் சுண்டல், பழம், பானிபூரி என்று தெருமுனை வரைக்கும் வண்டிகள். தெருவுக்குப் புதுக் கல் பதித்து, புது விளக்குக் கம்பம் நட்ட பிறகு, நாங்கள் இங்கே நிற்கக் கூடாது என்றது நகராட்சி. சொன்னதோடு விடவில்லை. லாரி வரும். வண்டிகளைத் தூக்கிப் போட்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதற்கு நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். முனையில் நிற்பவர் லாரியைப் பார்த்ததும் கரண்டியால் சட்டி விளிம்பை வேகமாகத் தட்டுவார். அந்தச் சத்தம் வண்டிக்கு வண்டி தாவி வரும். எல்லோரும் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடுவார்கள். நான் மட்டும் ஓடுவதில்லை. கொதிக்கிற எண்ணெயோடு எங்கே ஓடுவது? அடுப்பை அணைத்து, சட்டிமேல் தாம்பாளத்தைக் கவிழ்த்து, முக்காடு போட்டு, கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிடுவேன். மேசையைத் தூக்கிப் போயிருக்கிறார்கள். எண்ணெய்மேல் எவனும் கை வைத்ததில்லை. லாரி போனதைக் கண்ணால் பார்க்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால், போய்விட்டது என்று தட்டுகிற பொறுப்பும் எனக்கு வந்தது. ஜல்லிக் கரண்டியால், நிதானமாக மூன்று தட்டு. லாரி போகாமல் நான் தட்டியதே கிடையாது.

அன்று சாயங்காலம் வேகத் தட்டு வந்தது. தெரு காலியானது. நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டேன். ஆனால் வந்தது லாரி இல்லை, ஒரு சர்க்கார் ஜீப். அதிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையனும், போன் வைத்திருந்த இன்னொருவனும் இறங்கினார்கள்.

“ஆயா, மத்தவங்கள்லாம் எங்க?” என்றான் அட்டை மாட்டியவன்.

“எந்த மத்தவங்க? நான் கோயிலுக்கு வந்தவ.”

“எண்ணெய்ச் சட்டியோடவா கோயிலுக்கு வந்தீங்க?”

ஜெபமாலையை உருட்டினேன்.

“நாங்க முனிசிபாலிட்டிலேர்ந்து வர்றோம் ஆயா. கடை போடுறவங்களுக்கு அட்டை குடுக்கப்போறோம். கடையோட நிக்கிறாப்புல போட்டோ எடுக்கணும். இன்னிக்கு இங்க யாரும் இல்லன்னா, யாரும் இல்லன்னுதான் நான் எழுதணும். அப்புறம் இந்தத் தெருவுல யாருக்கும் எடம் கெடையாது.”

நகராட்சியை என் வயதுக்காரர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பேரில் மேரி என்றுதான் சொல்கிறோம். மேரிக்காரன் பேச்சை நம்பி எழுந்து நின்ற பழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் எழுந்தேன். மெதுவாக ஜீப்பைச் சுற்றி வந்து பின்சீட்டை எட்டிப் பார்த்தேன். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை. கயிறு இல்லை. பிடிக்க வருகிறவன் கயிறில்லாமல் வர மாட்டான். ஆனால் முனைக்கு அந்தப்பக்கம் லாரி நிற்கிறதா என்று என் இடத்திலிருந்து தெரியாது.

“என்னைய மட்டும் எடுத்துக்கோ,” என்று சொல்லிவிடலாம். சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து இட்லி வண்டிக்காரியை நினைத்தேன். போன முறை அவள் வண்டி லாரியில் போய்த் திரும்பி வந்தபோது சக்கரமே இல்லை. எப்படியோ தேற்றி மறுபடி உருட்டிக்கொண்டு வந்தாள். நான் தட்டி, லாரியும் வந்துவிட்டால் அவள் கதை முடிந்தது. தட்டாவிட்டாலும் முடிந்தது.

“நேரமாவுது ஆயா. அடுத்த தெருவுக்குப் போவணும்.”

கரண்டியை எடுத்தேன். மூன்று தட்டினேன். மூன்றாவது சரியாக விழவில்லை.

சந்துக்குள் சக்கரச் சத்தம் கேட்டது. முதலில் வந்தவள் அவள்தான். என் தட்டை அவள் என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை. மதில் திரும்பியதும் ஜீப்பைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

“யக்கா. காட்டிக் குடுத்துட்டியா?”

வண்டியைத் திருப்பப் பார்த்தாள். போன் வைத்திருந்தவன் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்தான். அவள் இட்லிப் பானை மூடியைத் தூக்கினாள். ஆவி அவன் முகத்துக்கு நேராக அடித்தது.

“கைய எடு. எடுக்கலன்னா தண்ணி உன் மூஞ்சிலதான்.”

“போட்டோ எடுக்கத்தாம்மா புடிச்சேன்.”

நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். “கொதிக்கிறத என் மேல ஊத்துடி. ஊத்துறதுக்கு முன்னாடி ஜீப்புல கயிறு இருக்கான்னு பாத்துட்டு ஊத்து.”

அந்த நேரம் பார்த்து முனையில் ஒரு லாரி திரும்பியது. பின்னால் வந்துகொண்டிருந்த வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தலை குனியவில்லை. லாரி கிட்டே வந்தது. பின்புறத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிற லாரி. எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

அவள் மூடியைப் பானைமேல் வைத்தாள். ஜீப் வரைக்கும் போய்ப் பின்சீட்டைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“கொஞ்சம் சிரிங்கம்மா.”

“அதுக்கும் சட்டம் போட்டிருக்கா?”

ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கடைசியில் நான் தாம்பாளத்தை எடுத்து, அடுப்பைப் பற்றவைத்து, கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அணைந்த அடுப்போடு படத்தில் நிற்க எனக்கு இஷ்டமில்லை.

அட்டை வந்தது. எல்லோருக்கும் வந்தது. இப்போதும் நாங்கள் அதே மதிலோரம்தான் நிற்கிறோம். இட்லிக்காரியின் படத்தில் முகம் நேராக இருக்கிறது, கண் மட்டும் பக்கவாட்டில், நான் அன்று நின்ற இடத்தை முறைக்கிறது. இட்லி வாங்க வருகிறவர்கள் பக்கம் மாட்டாமல், அந்த அட்டையை என் அடுப்பைப் பார்க்க மாட்டி வைத்திருக்கிறாள்.

“அந்தப் பக்கம் திருப்பி மாட்டுடி,” என்றேன் ஒருநாள்.

“இருக்கட்டும்க்கா. நீ பாக்கத்தான்,” என்று சொல்லி, சட்னி வாளியை என் பஜ்ஜிக்கும் ஆகிற மாதிரி என் மேசைப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.