இருளாயி முன் வளைந்த பச்சைக் கோடு

இருளாயி கிட்டே போனதும் அந்தப் பச்சைக் கோடு ஏன் வளைந்தது? 1926இல், பள்ளியில் படித்த வயதில், என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

இருளாயி, தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். கணவன் காய்ச்சலில் போன பிறகு கூலிகள் குடியிருக்கும் லயத்தில் தனியாக இருந்தாள். மத்தியானம் கங்காணி உடையப்பன் வீட்டைப் பெருக்குவாள். அவர் மனைவி மங்களத்தின் தங்கக் காப்பு காணாமல் போனதும் பழி இவள் மேல் விழுந்தது. திருடி என்றாகிவிட்டால் வேலையும் போகும், லயத்து அறையும் போகும்.

முனியாண்டி சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றாள். எங்கள் வழக்கம் அதுதான். கங்காணி கேட்கவில்லை. திருடனைக் கண்டுபிடிக்க, ஈப்போ பட்டணத்தில் வித்தை காட்டும் பிச்சைமுத்துவைக் கூட்டி வந்தார்.

பகலிலும் இருட்டான இடம் ரப்பர் காயவைக்கும் புகைவீடுதான். அந்தப் புளித்த நாற்றத்தில் எல்லாரும் அடைந்து நின்றோம். அவன் கொண்டு வந்த மின்சாரப் பெட்டியோடு இணைத்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு பச்சைக் கோடு நேராக ஓடியது.

"வெள்ளக்காரன் வெளக்கு. திருடன் கிட்ட வந்தா வளையும்லா!" என்றான் பிச்சைமுத்து.

ஒவ்வொருவராக மணிக்கட்டைப் பிடித்துக் குழாயருகே இழுத்தான். மூன்று பேருக்கு வளையவில்லை. இருளாயிக்கு வளைந்தது.

"த்தூ, திருட்டு முண்ட!" என்று மங்களம் காறித் துப்பினாள். நானும் கூட்டத்தோடு கத்தினேன். இன்றும் அதை நினைத்தால் என் வாயே எனக்கு நாறுகிறது.

இருளாயி கையை உதறினாள். இடுப்பில் செருகியிருந்த பால் வெட்டும் கத்தி நழுவி, பிச்சைமுத்துவின் சட்டைக் கையில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"ஏண்டா, எங் கத்திக்கு ஒம்மேல என்னா ஆச?"

சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள். லாடம் போன்ற காந்தம் ஒன்று விழுந்தது. அதை எடுத்துக் குழாயருகே பிடித்தாள். "கங்காணியாரே, நீங்க இப்படி வந்து நில்லுங்க."

கோடு வளைந்தது.

"அப்ப நீங்களுந்தான் திருடன்!"

யாரோ சிரித்தார்கள். கங்காணி முகம் கறுத்தது. "வாய் நீளுதா? நாளைக்கு ஒனக்கு வேல இல்ல. லயத்தக் காலி பண்ணு!"

அவளுக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் தகரப் பெட்டியோடு நடந்து போனாள். ஒன்பதாம் நாள் காப்பு மங்களத்தின் அரிசிப் பானையிலேயே கிடைத்தது. அவளைத் திரும்ப அழைக்க ஆள் அனுப்பினார்களா? முனியாண்டிக்குக் கிடா வெட்டித் தின்றார்கள்.

பள்ளியை விட்ட பிறகு ஈப்போவில் ஒரு விஞ்ஞானப் புத்தகத்தில் பதில் கிடைத்தது. அந்தக் கோடு எலெக்ட்ரான் என்னும் மிகச் சிறிய துகள்களின் ஓட்டம். காந்தம் அதை வளைக்கும். அது அணுவைவிடச் சிறிய பொருள் என்று கண்டுபிடித்தவர்களும் அதைக் காந்தத்தால் வளைத்துத்தான் பார்த்தார்கள். அந்தத் துகளுக்கு இருளாயியும் தெரியாது, உடையப்பனும் தெரியாது. எங்கள் தோட்டத்தில் அதை வைத்து ஒருத்தியின் சோற்றைப் பிடுங்கினோம்.

அவள் வேலை தேடிப் போன கோலா கங்சார் தோட்டங்கள் வரை 'திருடி' என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டதாம். வாசிக்கிறவர்களே, வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு போன இடமெல்லாம் இதுவும் போகட்டும்.