சோதியாருக்கு ஊத்துன தண்ணி

எங்கம்மா செங்கமலத்துக்கு வாய் ஜாஸ்தின்னு பாகூர் பக்கம் சொல்லாத ஆளு கிடையாது. இருக்கட்டுமே! அந்த வாய் இல்லன்னா நான் இன்னிக்கும் தவழ்ந்துக்கிட்டுதான் இருந்திருப்பேன்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம் அது. ஊருல இளம்பிள்ளை வாதம் வந்துச்சி. பண்ணையார் சுப்பராயலு மவன் உலகநாதனுக்கு ரெண்டு காலும் துவண்டு போச்சி. அதே மாசம் அவரு கரும்புத் தோட்டத்துல கூலி செஞ்ச செங்கமலத்தோட மவளுக்கும், அதாவது இந்த ராமாயிக்கும், அதே கதிதான். காய்ச்சலுக்கு யாரு ஆண்டை, யாரு ஆளுன்னு தெரியல பாரு!

வெதுவெதுப்பான தண்ணியில எறக்கி நடக்கப் பழக்கினா புள்ள தேறுவான்னு புதுச்சேரி டாக்டர் சொல்லிட்டாரு. ஆண்டை தோட்டத்துலயே பெருசா ஒரு நீச்சல் தொட்டி கட்டுனாரு. பக்கத்துல பள்ளம் வெட்டி, மூடி போட்ட இரும்புக் கொப்பரை ஒண்ண எறக்குனாங்க. பிரெஞ்சுல அதுக்கு சொதியேர்னு பேராம். எங்க ஜனங்க காதுல அது சோதியார்னு வுழுந்துச்சி. யாரோ பெரிய மனுசன் போலன்னு மொத நாளே பட்டை போட்டு, பொட்டு வச்சி, கற்பூரமும் காட்டிட்டாங்க. அம்மா கடைசி வரைக்கும் அந்தக் கொப்பரைய அவரு இவருன்னுதான் சொல்லும்.

சோதியாருக்குக் கீழ இருந்த அடுப்புல சவுக்குக் கட்டையத் தள்ளி அந்தப் புகையில வேவுறதுக்கு அம்மாவே வலியப் போயி நின்னுச்சி. ஆனா எங்க கை பட்ட தண்ணி ஆண்டை வூட்டுப் புள்ள மேல படலாமா? அது படாம இருக்க ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. சோதியாருக்கு மேல ஒரு பீப்பா. அதுல அம்மா தண்ணி ஊத்தும். கொதிச்ச தண்ணி செம்புக் குழாய்க்குள்ளயே ஓடி, தொட்டிக்குள்ள சுருள் சுருளா சுத்தி, திரும்ப சோதியார் வயித்துக்கே வந்துடும். சூடு மட்டும்தான் செம்பத் தாண்டிப் போவும். "உன் தண்ணி வேற, எங்க தண்ணி வேற. தெரியுதா?"ன்னு ஆண்டை பொண்டாட்டி கனகாம்பாள் கறாரா சொல்லிட்டாங்க.

"தம்பி ஏறுனப்புறம் எம்மவளக் கொஞ்சம் எறக்கிக்கிறேன் ஆண்டே"ன்னு அம்மா கேட்டுச்சி.

"இன்னா பேச்சு பேசுற நீ? தொட்டி தீட்டாயிடாது?"ன்னாரு.

அம்மா வுடல. பாக்கும்போதெல்லாம் கேட்டுச்சி. "வாய மூடுடி, இருக்கிற கூலியும் பூடும்"னு அப்பா பயந்தாரு. "எம்மவ நடப்பா. அந்தத் தண்ணியிலதான் நடப்பா. நீ பாத்துக்கினே இரு"ன்னு சொல்லிட்டு தெனமும் என்னை இடுப்புல தூக்கிக்கினு போயி பள்ளத்து ஓரமா சாக்கு மேல குந்த வைக்கும். அங்கேருந்து பாத்தா தொட்டி தெரியும். உலகநாதன் மொதமொதல்ல காலூனி நின்ன அன்னிக்கி எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சம் இல்ல.

அதே வாரத்துலதான் பீப்பாவுல ஊத்துற தண்ணி நிக்காம எறங்க ஆரம்பிச்சது. "இன்னாய்யா இது, உமக்கு வயிறா வாய்க்காலா?"ன்னு அம்மா சோதியாரத் திட்டிக்கினே ஊத்துச்சி. திடீர்னு வாய மூடிக்கிச்சி. எங்கம்மா வாய மூடுனா ஏதோ நடக்கப்போவுதுன்னு அர்த்தம். மறுநாள் ஒரு சட்டி நெறைய மஞ்சள அரைச்சி எடுத்தாந்து பீப்பாவுல கரைச்சிடுச்சி.

தொட்டிக்குள்ள சுருள் ஓரமா மஞ்சளா கசிஞ்சி, நின்னுக்கினு இருந்த உலகநாதன் முட்டிய வந்து சுத்திக்கிச்சி.

"ஐயையோ, இன்னாது இது!"ன்னு கனகாம்பாள் அலறுனாங்க.

"நான் ஊத்துன மஞ்சத் தண்ணிம்மா. குழாய் எங்கியோ வுட்டுப் போச்சி. எத்தினி நாளா என் தண்ணி உங்க தண்ணியில கலக்குதோ, அந்த சோதியாருக்குத்தான் வெளிச்சம்!"

"புள்ளையத் தூக்குங்கடா! தொட்டிய வடிங்கடா!"ன்னு ஆண்டை கத்துனாரு.

"வடிங்க ஆண்டே. தம்பி நின்னுதே, அது எந்தத் தண்ணியில நின்னுச்சி? அதையும் சேத்து வடிச்சிடுங்க."

சொல்லிக்கினே என்னை வாரி இடுப்புல வச்சிக்கினு தொட்டிப் படியில எறங்கிடுச்சி. ஆண்டை கைத்தடிய ஓங்குனாரு. அந்தக் கையக் கனகாம்பாள்தான் புடிச்சாங்க. அவங்க கண்ணு மவன் கால வுட்டு அசையல. "வுடுங்க. புள்ள நிக்கிறான் பாருங்க"ன்னாங்க. அவங்களும் ஒரு தாய்தானே.

தண்ணி என் மார் வரைக்கும் வந்துச்சி. அம்மா கைய மெதுவா வுட்டுச்சி. செத்தேன்னு நெனச்சேன். வலது காலுக்குக் கீழ ஏதோ கெட்டியா, சொரசொரன்னு பட்டுச்சி.

"அம்மா, தரை தெரியுதும்மா"ன்னேன்.

அம்மா என்னை அப்பிடியே பாத்துச்சி. அழல. என் கைய எடுத்துத் தொட்டிச் செவுத்துல வச்சிட்டு, "புடிச்சிக்க, தண்ணி ஆறுது"ன்னு சொல்லி, ஈரப் பொடவையோட பள்ளத்துக்குப் போயி இன்னும் ரெண்டு கட்டைய உள்ள தள்ளுச்சி.