கடைசி ஆளுக்குப் பின்னால்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன். ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், என் புத்தி அவ்வளவுதான். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு கிடையாது. எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளைய மகன். அம்மா போன அன்று நான் வேலையில் இருந்தேன், தகவல் கிடைத்ததும் கிளம்பினேன், தீவில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போகும் கடல் பாலத்தில் லாரி ஒன்று கவிழ்ந்து கார்கள் நகரவே இல்லை. "நில்லுங்கண்ணே, வந்துட்டேன்" என்று போனில் கத்தினேன். அவர் நிற்கவில்லை. மழை வரப்போகிறது என்று சொல்லி அவரே கொள்ளியை வைத்துவிட்டார். நான் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கிளம்புவதற்காக ஆட்கள் தங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என் மனைவி தேவிதான் அண்ணியோடு சேர்ந்து இந்த அருவிப் பயணத்துக்குத் திட்டம் போட்டாள். அண்ணிக்கு முழங்கால் வலி, அதனால் ரொம்பச் செங்குத்தாக இருக்கக்கூடாது, காலையில் ஏறி மதிய மழைக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி, தீவில் ஆயர் ஈத்தாம் ஊருக்குப் பின்னால் மலையேறும் ஒரு வழியை முடிவு செய்தார்கள்.

"வீட்டுல உக்கார வச்சா ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்குவீங்க. காட்டுல எங்க ஓடுவீங்க, பாப்போம் லா" என்றாள் தேவி.

நான் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் சம்மதித்தேன். "தப்புதான்டா" என்று அவர் வாயால் ஒரு சொல் வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

அண்ணன் ஒரு கூட்டத்தோடு ஞாயிறுதோறும் மலையேறுகிறவர். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவர் வேரையோ வழுக்கலையோ பார்த்தால் சொல்ல வேண்டும், அதை ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவரிடம் சொல்ல வேண்டும். அதே மாதிரி, நிற்கும்போது கடைசி ஆள் "எல்லாம் இருக்கோம்" என்று சொல்ல, அது வாய் வாயாக முன்னால் போகும். எங்களையும் அப்படித்தான் நடக்கச் சொன்னார். முன்னால் அண்ணன், அடுத்து அண்ணி, அடுத்து தேவி, கடைசியில் நான். ஆக, இத்தனை நாளுக்குப் பிறகு என் அண்ணனிடமிருந்து எனக்கு வந்த முதல் பேச்சு "வேரு இருக்கு", அதுவும் இரண்டு பெண்களின் வாய் மாறி வந்தது.

பாதி ஏற்றத்தில் தேவி திரும்பி, "கல்லு ஆடுதாம், பாத்து" என்றாள். எனக்குப் பின்னால் யாருமில்லை, நான் யாரிடம் சொல்வது? பேசாமல் கல்லைத் தாண்டினேன். அப்போது எனக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில், "கல்லு ஆடுது, பாத்து" என்று ஒரு குரல் சொன்னது. அதற்குக் கீழே இன்னொரு குரல் அதையே சொன்னது. அதற்கும் கீழே இன்னொன்று. அப்படியே மலையடிவாரம் வரை போய்த் தேய்ந்தது. எதிரொலி என்று என்னிடம் சொல்லாதீர்கள். எதிரொலியாக இருந்தால் தேவியின் குரலில் வந்திருக்கும். இவை வேறு வேறு குரல்கள், மூச்சு வாங்குகிற குரல்கள். திரும்பிப் பார்த்தேன். பாதையும் செடிகளும்தான் இருந்தன. இதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே நடந்தது. நான் வாயே திறக்கவில்லை. அண்ணன் முன்னால் பயந்தவனாக நிற்பதைவிடச் செத்துப்போகலாம்.

அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. அண்ணி ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் தன் கோப்பையோடு வந்து என் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தபடியே, "அன்னிக்கு நீ பாலத்துல நிக்கறப்போ..." என்று ஆரம்பித்தார். நான் கோப்பையைப் பாறையில் வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"மேகம் கூடுது, எறங்குவோம்" என்று அண்ணி எழுந்துவிட்டார்.

"சரி, கீழ போய்ப் பேசுவோம். நீ முன்னால போடா, நான் கடைசில வர்றேன்" என்றார் அண்ணன்.

இறங்கும்போது வரிசை மாறியது. நான், தேவி, அண்ணி, அண்ணன். ஒரு வளைவில் நின்று, "எல்லாரும் இருக்கமா?" என்று கேட்டனுப்பினேன். பதில் வர நேரமானது.

"நிக்கணுமாம். இன்னும் ஆளு வருதாம்" என்றாள் தேவி.

"எந்த ஆளு? நாம நாலு பேருதானே?"

"என்னைய ஏன் கேக்குறீங்க? அண்ணி சொன்னாங்க."

"இவருதான் சொன்னாரு" என்றார் அண்ணி.

மேலே பார்த்தோம். அண்ணன் மண்சரிவில் முதுகை ஒட்டி, வயிற்றை உள்ளிழுத்து, குறுகலான பாதையில் வழிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் தலை மேலிருந்து கீழாக மெதுவாகத் திரும்பியது, மறுபடி மேலே போனது, மறுபடி திரும்பியது. தோள்பையை ஒருமுறை இழுத்து இடம் கொடுத்தார். "அண்ணே!" என்று கத்தினேன். இரு என்று கையைக் காட்டினார். கடைசியில், ஒரு வேரைத் தாண்டுகிற யாருக்கோ கொடுப்பதுபோல வெறுங்காற்றில் கையை நீட்டிப் பிடித்து இறக்கிவிட்டார். பெற்ற தாயின் காரியத்துக்குத் தம்பிக்காக நிற்காத மனிதர், அந்தக் காட்டில் யாருக்கோ அவ்வளவு பொறுமையாக நின்றார். அண்ணி அழுதுகொண்டே மேலே ஏறிப்போய் அவரை இழுத்துக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் பார்த்தேன், தேவியும் பாதையை விட்டு ஒதுங்கி நின்றாள். ஏன் ஒதுங்கினாய் என்றால் அவளுக்குத் தெரியவில்லை.

கீழே கார் பக்கத்தில் கேட்டேன். "யாருண்ணே அவங்க?"

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னையக் கேக்குற? நீதானடா அவங்களக் கூட்டிக்கிட்டு ஏறுன."

நான் கேட்ட குரல்களைப் பற்றி அதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இப்போது அண்ணன் எனக்கு அடிக்கடி போன் செய்கிறார், நன்றாகச் சிரித்துப் பேசுகிறார். அண்ணி அவரை டாக்டரிடம் காட்டினார், ஒரு குறையும் இல்லையாம். "பேசுறாருல்ல, அது போதாதா உங்களுக்கு?" என்கிறாள் தேவி. போதாது. போன வாரம் நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன், "அன்னிக்குப் பாலத்துலன்னு ஏதோ சொல்ல வந்தீங்களேண்ணே?"

"அது கெடக்கு விடுடா" என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம ஏறுவமா? கடைசியா வந்தவங்க ரொம்பக் களைச்சிட்டாங்க. இந்தத் தடவ அவங்கள முன்னால விட்டுட்டு நாம பின்னால போவோம்."