அருகம்புல் தாவீது

ஆரம்பாக்கம் வயல்காட்டில் தாவீதுக்கு ஜென்ம விரோதி என்று ஒன்று இருந்தது என்றால் அது அருகம்புல்தான். பத்து வயதில் களைக்கொத்தைப் பிடித்தவர், நாற்பத்தெட்டு வயது வரை பண்ணைக்காரர் ஆதிகேசவனின் நிலத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். மேலே தெரிவதை அறுத்தால் மட்டும் போதாது. மண்ணுக்குள் ஓடும் கொடியில் ஒரு கணு மிஞ்சினாலும் அடுத்த மழைக்கு எழுந்து வந்து நிற்கும். முப்பத்தெட்டு வருஷம் குனிந்ததில் புல் ஒழியவில்லை, தாவீதின் இடுப்புதான் ஒழிந்தது.

ஆகவே 1956 தை மாதத்தில், கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்து அரசாங்க பங்களாவில் தோட்டக்காரன் வேலை காலி என்று காதில் விழுந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். தற்காலிக வேலைதான். பங்களாவுக்குப் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் துளசிராமன் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இந்தப் பொட்டல்ல எனக்கு ஒரு லான் வேணும். புரட்டாசியில பெரிய இன்ஜினியர் வர்றார். அதுக்குள்ள தரை பச்சைப்பசேல்னு இருந்தா உன்னை பர்மனென்ட் பண்ணிடறேன். இல்லேன்னா நீ உன் ஊரைப் பாத்துக்கிட்டுப் போகலாம்."

"லான்னா இன்னா தொரை?"

"புல்லு. தரை முழுக்க வெறும் புல்லு."

புல்லை வளர்க்கக்கூடச் சம்பளம் கொடுப்பார்கள் என்று தாவீது அன்றுவரை கேள்விப்பட்டதில்லை. வீட்டில் சொன்னபோது மனைவி ரோசம்மாள் நம்பவே இல்லை.

"புல்லு வளக்கவா? அந்தத் தொரைக்கு மூள கீள கொழம்பிப்போச்சா?"

"அவருக்குக் கொழம்புனா நமக்கின்னா? பர்மனென்ட்டு ஆயிட்டா காக்கிச் சட்ட, கையில பூவாளி. நின்னுக்கினே தண்ணி ஊத்தறது. இனிமே எவன் கழனியிலயும் குனிய வேணாம், ரோசா."

நிமிர்ந்து நின்று செய்கிற ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டவர் ஆண்டவரிடம் அதைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

இன்ஜினியர் டின்னில் அடைத்த சீமைப் புல் விதையையும், புல்தரை வளர்ப்பதைப் பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும் வரவழைத்திருந்தார். புத்தகத்தை எழுதியவர் தினமும் தூறல் விழுகிற ஊர்க்காரர் போலிருக்கிறது. கும்மிடிப்பூண்டி மணலையும், கிணற்றில் ஊறுகிற உப்புத் தண்ணீரையும் அவர் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார். விதை என்னவோ முளைத்தது, கைக்குழந்தையின் தலைமுடி மாதிரி. பங்குனியில் பழுத்தது, சித்திரையில் மூலையில் நாலு இழை தவிர எல்லாம் கருகியது. இரண்டாவது டின்னும் அதே கதிதான். நாளைக்கு மூன்று தடவை தண்ணீர் என்றது புத்தகம். பயத்தில் தாவீது நான்கு தடவை ஊற்றினார். தரையில் உப்பு வெள்ளையாகப் பூத்ததுதான் மிச்சம்.

"புத்தகம் தப்பு சொல்லாதுப்பா. நீதான் எங்கேயோ தப்பு பண்றே" என்றார் இன்ஜினியர்.

ஆடியில் மூன்றாவது டின் வந்தது. அதைத் திறக்க மனமில்லாமல் தாவீது காம்பவுண்டுக்கு வெளியே வந்து நின்றார். ரோட்டோரத்தில் மாட்டு வண்டிகள் ஏறி இறங்கி, ஆடுகள் மேய்ந்து, ஒருத்தரும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாத இடத்தில் பச்சையாகப் படர்ந்து கிடந்தது அருகம்புல். அவருக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான்.

"முப்பத்தெட்டு வருசமா என்ன பேஜாரு பண்ணிக்கினு இருந்தல்ல? வா, இப்ப உனுக்கு வேல வச்சிருக்கேன்" என்றார் புல்லைப் பார்த்து.

மறுநாள் சாக்குகளோடு ஆரம்பாக்கம் போனார். ஆதிகேசவனின் வயலில் களையெடுக்கிற பெண்களுக்குத் தலைவி பூவம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாண்ணே, நாங்க புடுங்கிப் போட்டத மூட்ட கட்டிக்கினு போற? பட்டணத்து மாடு புடிச்சிருக்கியா?"

தாவீது சாக்கின் வாயைக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பங்களாவுக்கு வந்து செய்த வேலையில் குறையே வைக்கவில்லை. தரையை ஒரு சாண் ஆழம் கொத்தி, ஏரி வண்டலும் மக்கிய ஆட்டெருவும் கலந்தார். கொடிகளை இரண்டு கணு, மூன்று கணுவாக நறுக்கி, நாலு விரல் இடைவெளியில் ஊன்றினார். வேர் பிடித்த பிறகு தினமும் தெளிப்பதை விட்டுவிட்டு, ஊற்றினால் ஒரேயடியாக ஊற்றி, மேல்மண் காயும் வரை காத்திருந்தார். உப்பு கீழே இறங்கியது. நுனி நீண்டபோது அரிவாளால் மேலாக மட்டும் அறுத்துவிட்டார். நாற்பதாம் நாள் தரை முழுதும் பச்சை மூடியது. மூன்றாவது டின் விதையை ரோசம்மாளின் கோழிகள் ருசித்துத் தின்றன.

இன்ஜினியர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லின் மேல் நடந்து பார்த்தார். வருகிறவர்களிடமெல்லாம் சீமை விதையின் பெருமையைப் பேசினார். வெள்ளிக்கிழமை தவறாமல் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்துகிற மனுஷருக்கு, அது காலடியில் கிடந்தபோது அடையாளம் தெரியவில்லை. பர்மனென்ட் உத்தரவு கைக்கு வரட்டும் என்று தாவீது வாயைத் திறக்கவில்லை.

பெரிய இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள், பொன்னேரியிலிருந்து பூந்தொட்டிகள் கொண்டுவர தாவீதை அனுப்பிவைத்தார் துளசிராமன். தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பாக்கத்திலிருந்து ஆறு பெண்களை வரவழைத்து, "ஒரு களைகூடக் கண்ணுல படக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

தாவீது சாயங்காலம் தொட்டி வண்டியோடு திரும்பி வந்தார். தரை நெல் அடிக்கிற களம் மாதிரி மொட்டையாக இருந்தது. வேலிக்கு வெளியே குவிந்து கிடந்த புல்லை ஆடுகள் தின்றுகொண்டிருந்தன.

"பாத்தியாண்ணே!" என்றாள் பூவம்மாள் பெருமையாக. "ஆறு பேரும் நிமிரல. அத்தினியும் அருகு! உன் கண்ணு முன்னாடி இம்மாம் வளர உட்டு வச்சிருக்கியே, வயசாயிப்போச்சா உனுக்கு? அந்த மூலயில வாடிக்கினு இருக்கற நாலு இழ இன்னா செடின்னு தெரில. தொரையோடதா இருக்கும்னு கை வைக்கல."

அந்த நாலு இழைதான் முதல் டின்னில் பிழைத்திருந்த சீமைப் புல். தாவீது தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளைத் திட்ட வாய் வரவில்லை. அந்த இடத்தில் அவர் இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஆபீசிலிருந்து வந்த துளசிராமனுக்கும், தான் மெச்சிய புல் அருகுதான் என்ற விஷயம் தெரிந்தது. ராத்திரி முழுக்க யோசித்தார் போலிருக்கிறது. காலையில் பெரிய இன்ஜினியர் வந்து, "லான் எங்கேய்யா?" என்று கேட்டபோது அவர் குரலில் நடுக்கமே இல்லை.

"நாட்டுப் புல்லை அடியோட எடுத்தாச்சு சார். சீமைப் புல் இப்பத்தான் வேர் பிடிக்குது" என்று மூலையைக் காட்டினார்.

பெரியவர் மூலைப் பக்கம் திரும்பவே இல்லை. கைத்தடியால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். "என் பங்களாவுல பத்து வருஷமா இந்த அருகோட மல்லுக்கட்டறேன். இவ்வளவு சுத்தமா எடுத்தது யாரு?"

துளசிராமனின் விரல், பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தாவீதை நோக்கி நீண்டது.

"இந்த ஆளை விட்டுடாதீங்க. பர்மனென்ட் பண்ணுங்க."

ஐப்பசியில் காக்கிச் சட்டையும் உத்தரவும் வந்தன. ஆபீஸ் குமாஸ்தா படித்துச் சொன்னார்: பங்களா வளாகத்தில் அருகம்புல் முளைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ரோசம்மாள் தெரு முழுக்க வெல்லம் கொடுத்தாள்.

முதல் மழை பெய்து பத்தாம் நாள், பூவம்மாளின் கைக்குத் தப்பிய கணுக்களெல்லாம் துளிர்த்து, தரை பழையபடி பச்சையாகிவிட்டது. தாவீது புதுச் சட்டையோடு அதன் நடுவே நிமிர்ந்து நின்று பார்த்தார். அவர் வளர்த்த புல். வெயில் ஏறும் வரை அப்படியே நின்றார். பிறகு கையை மடித்துவிட்டுக்கொண்டு, களைக்கொத்தோடு குனிந்தார்.

பன்னிரண்டு வருஷம் கழித்து ரிடையராகும் வரை அவர் நிமிரவில்லை. பிடுங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணுவை மட்டும் விரலால் உள்ளே அழுத்தி, மண்ணை மூடிவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார்.