ஏழு கோழிகளும் ஒரு விசிலும்

பக்கத்து வீட்டுக்காரர் கொல்லைக் கதவைத் திறந்ததும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார். புருவத்துக்கு மேல் கையை வைத்து, தண்ணீர்த் தொட்டி, மின்கம்பம், செல்போன் கோபுரம் என்று ஒரு சுற்றுப் பார்த்த பிறகே கூண்டின் தாழ்ப்பாளை நீக்குவார். "எறங்கு, எறங்கு. ஒவ்வொருத்தரா. இடிக்காதே!" ஏழு கோழிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்.

முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று தோல்பையைத் திருப்பிக் கொடுத்தவருக்கு விசிலைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. இன்றும் அது கழுத்தில் கயிற்றோடு தொங்குகிறது. தெருவில் அவருக்கு 'ரைட்டு' என்றே பெயர்.

பக்கத்து வீட்டு மாடியில் இருப்பதால் அவர் கொல்லை முழுவதும் என் ஜன்னலுக்குள் அடக்கம். கோழிகளைக் கூண்டிலேயே வளர்க்கலாமே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "காலமெல்லாம் நெரிசல்ல நின்னவன் சார் நான். அதுங்களாவது காலாற நடக்கட்டும்."

அப்படி நடந்துகொண்டிருந்த சாம்பல் நிறப் பெட்டையைத்தான் போன மழைக்காலத்தில் ஒரு பருந்து தூக்கிப் போனது. அன்று மனிதர் சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாள் கொல்லைக்குக் குறுக்கே தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினார். இரண்டு தடவை தானே அதில் சிக்கிக்கொண்டார். பழைய சி.டி.க்களைப் பளபளவென்று தொங்கவிட்டார். பருந்து அவற்றின் அருகிலேயே உட்கார்ந்து இறகு கோதியது. "அலங்காரம் பண்ணி விருந்துக்குக் கூப்பிடுறீங்களா?" என்றார் அவர் மனைவி. மருத்துவமனையில் நர்ஸ், பேச்சும் ஊசிதான்.

கடைசியில் கைகொடுத்தது விசில். அடர்ந்த செடிகள் நட்டு, நடுவில் ஒரு பழைய மேசையைப் போட்டார். நீளமாக ஊதினால் மேசைக்கு அடியில் ஓட வேண்டும், ஓடினால் தானியம். மூன்றே வாரத்தில் கோழிகள் தேறிவிட்டன. "உள்ள போ, உள்ள போன்னு ஆயுசு பூரா கத்தினேன், ஒரு மனுஷன் நகரல. இதுங்க ஒரே விசில்ல போகுது பாருங்க!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை காகங்கள் திடீரென்று கூச்சல் போட்டன. பாதி முகம் சவர நுரையோடு வெளியே வந்து நீளமாக ஊதினார். ஆறு கோழிகள் மேசைக்கு அடியில். ஏழாவதான மொட்டைக்கழுத்துக் கோழி மட்டும் மண்புழு ஒன்றோடு இழுபறியில் இருந்தது. மேலே நிழல் ஒன்று சரிந்து இறங்கியது.

வாசற்படியில் கிடந்த குடையைப் படீரென்று விரித்துக்கொண்டு ஓடினார். "ஏய்! எடமில்ல, எடமில்ல! அடுத்த வண்டியில வா!" ஈரமண் வழுக்கியது. குடையும் அவரும் கோழிமேல் கவிழ்ந்தார்கள். குடைத் துணி கிழியும் சத்தம் என் ஜன்னல்வரை கேட்டது. பருந்து வெறுங்காலோடு எழும்பி, கோபுரத்தைத் தாண்டிப் போயிற்று. பிறகு குடைக்கு அடியிலிருந்து ஏகக் கோபத்தோடு ஒரு கொக்கரிப்பு. நான் மாடியிலிருந்து கைதட்டினேன்.

"உசுரோட இருக்கு சார்!" என்று கிழிந்த குடைக்குள்ளிருந்து சிரித்தார். அவ்வளவு கலவரத்திலும் அந்தக் கோழி மண்புழுவை விடவில்லை.

மனைவி பஞ்சும் மருந்துமாக ஓடி வந்தார். இவர் முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "கையக் காட்டுங்க மொதல்ல."

அவரோ மடியில் கோழியை வைத்து இறகுகளை விலக்கிக்கொண்டிருந்தார். முதுகில் மெல்லிய நகக்கீறல் ஒன்று. தன் முழங்கையை நோக்கி வந்த பஞ்சை, மனைவியின் மணிக்கட்டோடு பிடித்து, மெதுவாகக் கோழியின் முதுகுக்கு நகர்த்தினார்.