ஓடும் தண்ணீரில் விட்ட எண்ணெய்

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், அதை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு மோட்டார் வந்த வருஷம் வடிவேலுக்கு யோகம் அடித்தது. அதுவரை மண்வெட்டி பிடித்தவன் காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு டிரைவர் ஆனான். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் மோட்டாருக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! அவ்வப்போது அதன் அடியிலிருந்து கரேலென்று பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். வடித்ததை எங்கே விடுவதென்று துரை சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

எண்ணெயை மண்ணில் கொட்டினால் தரித்திரம் என்று கேட்டு வளர்ந்தவன் அவன். வாடிய மாலையோ உடைந்த சாமி படமோ, கழித்தது எதுவானாலும் ஓடுகிற தண்ணீரில் விடுவதுதானே நம் வழக்கம்? அப்படியே பயபக்தியோடு கொட்டகைக்குப் பின்னால் ஓடிய ஓடையில் விட்டான். அது எங்கே போகிறதென்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்கலாம், பாவி மனுஷன். பார்க்கவில்லை.

அது போனது கீழ் லயத்துப் பீலிக்கு. மூங்கில் வழியே விழும் அந்தத் தண்ணீரைத்தான் அங்கே எல்லாரும் குடித்தார்கள். மழை குறைந்த மாசியில் குடத்தின் மேல் கறுப்பாக ஏடு மிதந்தது. வெயில் பட்டால் மயில்கழுத்து நிறம் காட்டியது. பிள்ளைகள் வாந்தியெடுத்தன. மோட்டார் எண்ணெயைக் கண்டிராத சனம் அதை மை என்றது, செய்வினை என்றது. விடியுமுன் முதல் குடம் பிடிப்பவள் யார்? பெரியாயி. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை; பிரசவம் பார்ப்பாள், பச்சிலை தெரிந்தவள். போதாதா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது.

செய்தி கேட்டு வடிவேல் பீலிக்கு ஓடினான். தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தான். அது அவன் கோட்டில் இருந்த அதே வாசம். அவன் மகளின் தொப்புள்கொடியை அறுத்தவளே பெரியாயிதான்.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி அவளை முன்னால் நிறுத்தினார். செய்ததை ஒத்துக்கொள், இல்லாவிட்டால் லயத்தைக் காலி பண்ணு என்றார். அவளுக்கு ஒரு கை தூரத்தில், மோட்டாரை ஒட்டி வடிவேல் நின்றான். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் கோட்டு போகும், மறுபடி மண்வெட்டிதான். துணியை எடுத்து மோட்டார் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தான். பெரியாயி நெடுநேரம் அப்படியே நின்றாள். பிறகு யாரையும் ஒரு வார்த்தை திட்டாமல், மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் துரையிடம் போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டான். துரை கொஞ்சம் கத்தினார். இனி எண்ணெயைத் தகரத்தில் அடைத்துப் பெரகலையில் இருக்கும் ஹாஷிம் கடைக்குக் கொண்டுபோ, மாட்டு வண்டிக்காரர்கள் அச்சுக்குப் போடுவார்கள் என்றார். அவ்வளவுதான். கோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்குப் போயா ஊமையாக நின்றோம் என்று தன் முகத்திலேயே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. லயத்திலும் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னான். அப்படியா என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

முதல் தகரத்தோடு பெரகலைக்குப் போனபோது, ஹாஷிம் கடைக்குப் பின்னால் ஒருத்தி மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். பெரியாயி! வடிவேல் அவள் காலில் விழுந்து நடந்ததைச் சொன்னான்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்க்கா. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அவள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"பெரட்டுல உன் பக்கத்துலதானே தம்பி நின்னேன்? பீலியில அடிச்ச வாசம் உன் கோட்டுலயும் அடிச்சுச்சு. நீயா சொல்லுவேன்னுதான் அம்புட்டு நேரம் நின்னேன்."

அவள் வரவில்லை. அதற்குப் பிறகு தகரம் கொண்டுபோகும்போதெல்லாம், வடிவேல் கோட்டைக் கழற்றி மோட்டாரிலேயே வைத்துவிட்டுத்தான் கடைக்குள் போனான்.