தை மாதத்து முதல் புத்தகம்

அன்று காலை முதல் வேலையாகச் சிறுவாணித் தண்ணீர் பிடித்தேன். நாள் கடத்தி வந்த தண்ணீர் என்பதால் குடம், அண்டா, பிள்ளைகளின் வாட்டர் பாட்டில் வரை நிரப்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து கல்யாணி அக்கா. போர்டில் உட்கார்ந்து ஊர் பேர் கேட்கும் அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில், "நாகு போயிட்டா அம்மணி. விடியக்காலம், ஆஸ்பத்திரியிலயே" என்றார். அந்தப் பக்கம் போர்டில் அடுத்த அழைப்புக்கான விளக்கு எரிந்திருக்க வேண்டும். "லைன்ல இரு" என்றார். யாருக்கோ ஈரோடு லைன் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, அதன் பிறகுதான் அழுதார்.

நான் போய்க் குழாயை மூடினேன். மார்கழிக் குளிரில் கை விறைத்திருந்தது. துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது ஒரு கோபம். என் தம்பி என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்டிருந்தான். போடுவதா வேண்டாமா என்று நான் மனம் விட்டுப் பேசிய ஒரே ஆள் நாகரத்தினம் அக்காதான். அந்தப் பேச்சு முடிவதற்குள் எழுந்து போய்விட்டாரே என்ற கோபம்.

ஆபீசில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மேடையில் பேசிய அதிகாரி, அவர் அமைதியான சுபாவம் உடையவர், யாரையும் எதிர்த்துப் பேசாதவர் என்றார். இறந்த பெண்களுக்கெல்லாம் இதையே சொல்லிவிடுகிறார்கள். நம் வாசிப்பு வட்டத்தின் இந்தக் கையெழுத்து இதழில் நான் அதை மறுக்கிறேன். நாகு அக்கா அமைதியானவர் அல்ல. மரியாதையானவர். இரண்டும் வேறு.

வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் கால் போர்டில் நான் அவர் பக்கத்து நாற்காலி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டில் தன் அம்மாவோடு தெலுங்கு, நம்மோடு நம் பேச்சு. ஒரு நாள் ஒரு பஞ்சு வியாபாரி பம்பாய் லைன் கிடைக்கவில்லை என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது. அக்கா அவர் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்: "ஏனுங்க, லைன நான் புடிக்கோணும்னா, வாய நீங்க புடிச்சுக்கோணுமுங்க." அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டார். அக்கா அவருக்குப் பம்பாயும் போட்டுக் கொடுத்தார்.

நம் வட்டம் தொடங்கியதே அவரால்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பூப்பறிக்கிற நோன்பன்று அதைத் தொடங்கியது ஏன் என்பது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பொங்கல் முடிந்த அந்த ஒரு நாள் நம் வீடுகளில் பெண்களை எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ தோட்டத்துக்கோ போய்ப் பூப்பறித்து, பாடி, ஆடி, இருட்டும் முன் திரும்பலாம். "கேள்வி கேக்காத நாளு வருசத்துல ஒண்ணுதான் இருக்குது. அதைப் பூவுக்கு மட்டும் குடுத்துப்போட்டா எப்படி?" என்றார் அக்கா. அப்படித்தான் அந்த நாளில் வருடத்துக்கான வாசிப்புச் சவாலைத் தொடங்கினோம். மாதம் ஒரு புத்தகம். முதல் புத்தகம் எல்லோருக்கும் பொது, மற்றவை அவரவர் விருப்பம். முடிக்காதவர் அடுத்த நோன்புக்கு எல்லோருக்கும் கச்சாயப் பலகாரம் சுட்டு வர வேண்டும்.

முதல் புத்தகத்துக்குத்தான் ஆண்டுதோறும் சண்டை. நல்ல நாளில் எடுப்பது, மங்களகரமாக இருக்கட்டும் என்பது கல்யாணி அக்காவின் கட்சி. லேசான கதையாகத் தொடங்கினால் ஓட்டம் பிடிக்கும் என்பது என் கட்சி. நாகு அக்கா இரண்டையும் ஒத்துக்கொள்ள மாட்டார். தையில் இருக்கிற வீம்பு வைகாசியில் இருக்காது, கல்யாணம், சீர், பள்ளிக்கூடச் சேர்க்கை என்று வந்துவிட்டால் லேசானதைத்தான் கை தேடும், ஆகவே கனமானது முதலில் என்பது அவர் கணக்கு. அதற்கு மேல் இன்னொன்றும் சொல்வார்: "ஊட்ல ஒருத்தராச்சும் 'இதையெல்லாம் நீ எதுக்குப் படிக்கறே'ன்னு கேக்கோணும். கேக்கலைன்னா அது முதல் புத்தகம் இல்ல கண்ணு, பொழுதுபோக்கு."

கடவுள் இல்லை என்று வாதாடும் புத்தகத்தை அவர் முதலில் வைத்த வருடம் நினைவிருக்கும். கல்யாணி அக்கா காதைப் பொத்திக்கொண்டார். கோட்டைமேட்டு ஜரீனா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தே விட்டார். ஆனால் அந்த வருடம் அதை முதலில் படித்து முடித்தவர்கள் இவர்கள் இருவரும்தான். எப்படி என்று கேட்டதற்கு ஜரீனா, "படிச்சதுக்கு அல்லா மன்னிச்சுருவான்க்கா. படிக்காட்டி, கச்சாயம் சுடாம நீங்க மன்னிக்க மாட்டீங்களே" என்றார். கல்யாணி அக்கா வரிக்கு வரி மறுப்பு வைத்திருந்தார். அதைக் கேட்டு நாகு அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் பக்கம் ஆள் சேர்வதைவிடத் தன்னோடு சண்டைக்கு ஆள் கிடைப்பது அவருக்குப் பிடிக்கும்.

கார்த்திகையில் அவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு முகம் ஊதியிருந்தது. தம்பி கேட்டதைச் சொன்னேன். அப்பா வெள்ளகோவிலில் தறி ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய பூமியும் வீடும். உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். தம்பி எல்லாவற்றையும் தன் பேருக்கு மாற்ற, எனக்கு உரிமை எதுவும் இல்லை என்று ஒரு விடுதலைப் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நம் பக்கம் அக்கா தங்கைகள் போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம். அவன் கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, உடன்பிறந்தவளுக்கே உரிய இணைச்சீர் செய்தவள் நான். கையெழுத்தை மறுத்தால் அந்த வீட்டு வாசலில் எனக்கு இனி என்ன மரியாதை இருக்கும் என்று பயமாக இருந்தது.

நாகு அக்கா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். சிங்காநல்லூரில் அவர் அப்பா கட்டிய வீட்டுக்கு அவரும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டாராம். பத்திரத்தைப் புரட்டியபோது அண்ணன் சிரித்துக்கொண்டே, நம்ம வீட்டுக் காகிதத்தை என்னத்துக்கம்மா படிக்கிறாய் என்றாராம். "ஊடு போனது எனக்கு வருத்தமில்ல அம்மணி. நாள் முச்சூடும் ஊரு பேரும் நம்பரும் படிச்சுச் சம்பளம் வாங்கறவ நானு. படிக்க வேண்டாம்னான், சரிண்ணான்னு மூடி வெச்சுட்டேன் பாரு. அதான் இன்னும் ஆற மாட்டேங்குது." பிறகு, வருகிற தைக்கு முதல் புத்தகத்தைத் தான் இப்போதே சொல்லிவிடுவதாகச் சொன்னார். பெண்களுக்கான சொத்துரிமைச் சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் ஒரு சின்னப் புத்தகம். கட்டிலடிப் பையிலேயே வைத்திருந்ததை எடுத்து என்னிடம் கொடுத்தார். "நான் வரலைன்னாலும் இதுதான். கல்யாணி தேவாரம் திருவாசகம்னு நிப்பா, உட்டுராதே."

நாகு அக்கா சொன்னபடியே நின்றார் கல்யாணி அக்கா. இந்தத் தையில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோப்பில் கூடியபோது, செத்தவளுக்கு ஆத்ம சாந்தி வேண்டும், இந்த வருடம் மட்டுமாவது பக்தி நூல் ஒன்று இருக்கட்டும் என்றார். நான் சட்டப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அதுவரை ஆவாரம்பூ பறித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்த கூட்டம் பறிப்பதை நிறுத்திவிட்டு அந்த அட்டையைப் பார்த்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அண்ணனோ தம்பியோ உண்டு. சிலர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இதைப் படித்தால் பொறந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று யாரோ முனகினார்கள்.

ஜரீனாதான் பேசினார். "எங்களுக்குப் பங்கு உண்டுன்னு வேதத்துலயே இருக்குது. எங்க தெருவுல எத்தனை பேரு வாங்கியிருக்கோம்னு என்னையக் கேளுங்க. இருக்கறது வேற, படிச்சுத் தெரிஞ்சுக்கறது வேற, வாயத் தொறக்கறது வேற. மொத ரெண்டு மட்டுமாச்சும் முடியட்டுமே."

கல்யாணி அக்கா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, விலையைப் பார்ப்பதுபோலப் பின்னட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சண்டாளி, செத்தும் நம்மள உட மாட்டேங்கறா" என்றார். பிறகு, தன் தம்பி வீட்டுக்குப் போகும்போது மட்டும் அதைக் கொண்டுபோக மாட்டேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த வாரமே படித்து முடித்தேன். நாகு அக்கா சொன்னபடி என் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியைக் கணவர் கேட்டார். வட்டத்துக்காக என்றேன். அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு என்று அச்சில் இருந்தது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. இத்தனை காலம் அதைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டிருந்த என்னைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். பட்டுச்சேலை கொண்டுவந்திருந்தான். கையெழுத்துப் போடும் அக்காவுக்குச் சேலை எடுப்பது முறை. நல்ல பையன் அவன், கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. வழக்கம் அவனுக்குச் சாதகமாக இருப்பதை அவன் கவனித்ததில்லை, அவ்வளவுதான். மாசி முதல் முகூர்த்தத்தில் பத்திர ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்றான். "சும்மா ஒரு நிமிசம் வேலக்கா. வந்து போட்டுட்டுப் போயிரலாம்." வருகிறேன் என்றேன்.

நாகு அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது என்ன என்று யோசிக்கிறேன். அவருடைய புத்தகங்களை மகன் எங்கோ மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டான், அதில் எனக்குக் குறையில்லை. மரியாதையைக் கைவிடாமல் மறுக்கும் அந்தக் குரலைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு இயல்பாக வராது. ஆளில்லாத சமையலறையில் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த இதழ் உங்கள் கைகளுக்கு வரும்போது மாசி பிறந்திருக்கும். வெள்ளகோவிலுக்கு நான் போவேன். தொலைபேசியில் சொல்லிவிடலாம்தான், ஆனால் பிறர் பேசக் காலமெல்லாம் கம்பி இணைத்துக் கொடுத்தவள் தனக்கான ஒரு பேச்சையாவது முகம் பார்த்துப் பேச வேண்டும். சேலையை அவன் கையில் திருப்பிக் கொடுத்து, "தம்பி, நீ எப்ப வந்தாலும் என் ஊடு உன் ஊடுதான். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்" என்று சொல்லப் போகிறேன். என் கணவரிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை.